டிரெசர் வீட்டு செலிக்கா

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து டிரெசர் 1974இல் ஒரு டொயோட்டா செலிக்கா வாங்கினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவருக்கு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டிலிருந்து தொழிலாளர் லயம் வரைக்கும் பேசினார்களாம், அப்பா சொல்வார். எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தக் காருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ஊசி என்றால் ஓடி ஒளிகிற நாங்கள், செம்மண் சாலையில் அந்தக் கார் வரும் சத்தம் கேட்டால் மட்டும் வெளியே ஓடி வருவோம். அப்புறம் பால்மரமெல்லாம் போய் தோட்டம் முழுக்கச் செம்பனையாகி, லயத்து ஆட்கள் சுங்கை சிப்புட் டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்து, டிரெசரும் இறந்து இரண்டு வருடம் கழித்து, 2013இல் அவர் மகள் எனக்குப் போன் செய்தார். "தம்பி, அப்பா காடி பின்னாடி கொட்டகையில சும்மா கிடக்கு. இரும்புக் கடைக்காரன் 800 வெள்ளி தர்றேங்கிறான். நீ எண்ணெய் ஆலையில ஃபிட்டர்தானே, உனக்கு வேணுமா?" அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 800 ரிங்கிட்டுக்கு வாங்கவும் மனம் வரவில்லை, 5,000 கொடுத்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எந்த செலிக்கா என்று கேட்பவர்களுக்கு: டிஏ22, முதல் தலைமுறை. 1970 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வண்டி. என்னுடையதில் இருப்பது சாதாரண 2டி எஞ்சின், 1588 சிசி, ஒற்றைக் கார்புரேட்டர். எல்லோரும் ஆசைப்படுவது இரட்டைக் கேம்ஷாஃப்டும் இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டரும் உள்ள 2டி-ஜி எஞ்சின் வண்டியை; ஜப்பான் கணக்கில் அதற்கு 115 குதிரைசக்தி, என்னுடையதற்கு 100. முன் பம்பர் முகத்தைச் சுற்றி வளைந்து உருண்டையாக இருப்பதால் ஜப்பான்காரர்கள் இதற்கு 'தருமா செலிக்கா' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். தருமா என்பது அங்கே கடைகளில் விற்கும் சிவப்பு உருண்டைப் பொம்மை, அது போதிதர்மரின் உருவம். காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் ஆட்கள் சொல்லும் அதே போதிதர்மர்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் மச்சான் இந்தக் காரை 'நம்ம ஊர்க்காரன்' என்றுதான் கூப்பிடுகிறான்.

சரி, வாங்கும்போது நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பார்த்தது எஞ்சினை. பழைய கார் பார்க்கப் போகிறவன் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும், அதைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்துவிடலாம். பார்க்க வேண்டியது தகடு. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் லைட். பின் சக்கர வளைவு, முன் மட்கார்டின் அடிப்பகுதி, பேட்டரி உட்காரும் தட்டு, ஸ்பேர் டயர் குழி, கம்பளத்துக்கு அடியில் தரை, முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி, இரும்பு இல்லை. என் காரில் பின் வளைவு இரண்டிலும் காந்தம் வழுக்கியிருக்கும், நான் வைத்துப் பார்க்கவே இல்லை. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பத்து வருடம் கொட்டகையில் நின்ற காரில் துரு இல்லாமல் இருக்காது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதற்கும் முன்னால் பேப்பர். கிராண்ட் (காரின் உரிமைப் பத்திரம்) இறந்தவர் பெயரிலேயே இருந்தால், மகள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்குக் காரை விற்ற அக்காவுக்கு இரண்டு தம்பிமார், ஒருவர் ஜொகூரில். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா நிறுவனம் மூலம் வாரிசுப் பத்திரம் எடுத்து, அதன் பிறகுதான் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்ற முடிந்தது. பணம் கைமாறுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்துவிட்டால் கார் உங்கள் வீட்டில் நிற்கும், கிராண்ட் அவர்கள் வீட்டில் நிற்கும். இன்னொன்று, பெயர் மாற்றச் சோதனையில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிராண்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துருவுக்குள் மறைந்திருந்த சேசிஸ் நம்பரை நான் கிரைண்டர் வைத்துத் தேய்க்கப் போனேன், நல்லவேளை ஒரு நண்பன் கையைப் பிடித்தான். தேய்த்திருந்தால் நம்பரும் போயிருக்கும், காரும் போன மாதிரிதான். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து மூன்று சாயங்காலம் சுத்தம் செய்து, வெள்ளைச் சாக்குக்கட்டியைப் பூசித் துடைத்ததும் எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குப் பேட்டரி வைத்து சாவியைத் திருப்பாதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் விட்டு, விட்டுவிட்டேன். தினமும் வேலை முடிந்து வந்து முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பானரைப் போட்டு மெல்ல அழுத்திப் பார்ப்பேன். மூன்றாம் நாள் ஒரு விரல் அளவு அசைந்தது. வீட்டுக்குள் ஓடி எல்லோரையும் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு "அசைஞ்சதுக்கா கூப்பிட்ட?" என்று மகள் திரும்பிப் போனாள்.

அந்த உற்சாகத்தில்தான் எல்லாம் தலைகீழாகப் போனது. எங்கள் டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிள், எழுபது தாண்டியவர், தோட்டத்து லாரிகளோடு வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "தம்பி, மொதல்ல காடி நிக்கணும், அப்புறம்தான் ஓடணும்" என்றார். நான் கேட்கவில்லை. எஞ்சினை இறக்கி, சிலிண்டர் ஹெட்டை ஈப்போவில் கொடுத்து வால்வு உட்காரும் இடங்களுக்குக் கடின வளையம் போட்டேன். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அந்த இடம் தேயாமல் காத்தது, இப்போது அது இல்லை, அதனால் அந்தச் செலவு வீண் இல்லை. அடுத்ததாக நேரே பெயிண்ட் கடை. பழைய ஆரஞ்சு நிறத்தையே அடித்துக்கொண்டு வந்தேன். பிரேக்கில் எண்ணெய் மட்டும் மாற்றினேன், மிதித்தால் பிடிக்கிறதே என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், டவுனுக்குள் வரும் சிக்னலில் எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. பிரேக்கை மிதித்தேன், கால் அப்படியே தரைக்குப் போய்விட்டது. மறுபடி மிதித்தேன், பாதி பிடித்தது. இரண்டாம் கியருக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கையும் தூக்கி, லாரியின் பின்பலகைக்குக் கீழே மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது கார். இடிக்கவில்லை. ஆனால் சிக்னல் பச்சையானதும் லாரி உலுக்கிக்கொண்டு கிளம்ப, மேலே இருந்து உதிரிப் பழங்கள் ஏழெட்டு புது பெயிண்ட்டின் மேல் டொக் டொக்கென்று விழுந்தன. அந்தத் தழும்புகள் பானெட்டில் கொஞ்ச நாள் இருந்தன, எப்படியும் அந்த பெயிண்ட் நிலைக்கப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

என்ன நடந்தது என்றால், வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கெட்டுப்போய், அழுத்தம் உள்ளேயே பின்னால் நழுவியிருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் உள்சுவரை அரித்துச் சின்னச் சின்னக் குழியாக்கும். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் போட்டாலும் சில மாதத்தில் அதுவும் கிழியும். ஆகவே ரப்பர் செட் மட்டும் வாங்கிப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். சிலிண்டரையே மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் உள்ளே ஸ்டெயின்லெஸ் உறை இறக்கித் தருகிற லேத் பட்டறை தேடுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்தபடி இருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுகிறேன். அந்த எண்ணெய் பெயிண்ட்டில் பட்டால் தோலாக உரியும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

அங்கிளிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அது இன்னும் மோசம்.

பெயிண்ட் கதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர், நவம்பர் மழை முடிந்து பார்த்தால் பின் சக்கர வளைவில் அரிசி அளவு கொப்புளங்கள். நகத்தால் கீறினேன், உள்ளே பழுப்புத் தண்ணீர். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போனது, விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்குப் பின்னால் இரும்பே இல்லை, பழைய செய்தித்தாள் சுருட்டி அடைத்திருந்தார்கள். யார் எந்தக் காலத்தில் செய்ததோ. ஆனால் அதன் மேல் இன்னொரு கோட்டிங் பட்டி இழுத்து பெயிண்ட் அடித்துக் கொடுத்த கடைக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. நானும் வேலை நடக்கும்போது ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: தகட்டைப் பெயிண்ட் நீக்கி வெறும் இரும்பாக நிற்கும்போது போய் நின்று பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.

இந்த முறை நானே செய்வது என்று முடிவு செய்தேன். ஆலையில் பாய்லர் குழாய் வெல்டிங் செய்கிறவன், இந்தத் தகடு என்ன பெரிசு என்ற திமிர். முதல் தொடுதலிலேயே ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனால் அது ஐம்பது காசு அளவுக்கு விரிந்தது. கார் தகடு 0.8 மி.மீ. சுமார், நான் பழகியது விரல் தடிமன் இரும்பில் 3.2 மி.மீ. கம்பி. எருமை பூட்டி உழுதவனைக் கூப்பிட்டுப் பூத்தொடுக்கச் சொன்ன மாதிரி. மிக் வெல்டிங் மெஷினை வாங்கி, 0.6 மி.மீ. ஒயர் போட்டு, வேண்டாத தகடுகளில் இரண்டு வாரம் பழகினேன். அதன் பிறகு கைக்கு வந்த முறை இது: துரு உள்ள இடத்தை மட்டும் வெட்டினால் போதாது, பளபளக்கும் நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். காலணிப் பெட்டி அட்டையில் அளவு வெட்டி, அதைப் பார்த்துத் தகடு வெட்டி, வளைத்து, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். நேர்க்கோடாக வெல்டிங் இழுக்கவே கூடாது. ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி, அதன் பிறகு எதிர்ப்பக்கம், கையால் தொட்டுப் பார்த்து ஆறிய பிறகுதான் நடுவில் அடுத்த பொட்டு. அவசரப்பட்டால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளியும், அதை நிமிர்த்த முடியாது. ஓட்டை விழுகிற இடத்தில் பின்னால் செம்பு வைத்துப் பிடியுங்கள், வெல்டிங் செம்பில் ஒட்டாது. நான் பழைய ஏர்கோண்ட் செம்புக் குழாயைச் சுத்தியலால் தட்டையாக்கி வைத்துக்கொண்டேன். ஒரு வளைவுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கதவுக்கும், கதவுக்குக் கீழே ஓடும் சைடு பெட்டிக்கும் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் உண்டு. என் காரில் ஒவ்வொன்றிலும் தோட்டத்துச் செம்மண் கல்லாக இறுகி அடைத்திருந்தது. துருவுக்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன், மழைநீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் நாற்பது வருடம் நின்றிருக்கிறது. சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, பெயிண்ட் வேலை முடிந்ததும் உள்ளறைகளுக்குள் மெழுகு பீய்ச்சினேன். இதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) சாப்பிடும் செலவு.

சாமான் விஷயம் பலர் பயப்படும் அளவுக்குக் கஷ்டம் இல்லை, ஆனால் எது கிடைக்கும் எது கிடைக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். செலிக்காவும் கரினாவும் ஒரே நேரத்தில் ஒரே அடித்தளத்தில் வந்தவை. அதனால் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் சாமான்களில் நிறைய ஒன்றுக்கொன்று போகும், கரினா என்று கேட்டால் விலையும் குறைவு. 13 அங்குல டயர் பழைய புரோட்டோன் சாகா ஓடும் ஊரில் பிரச்சினையே இல்லை. வாங்கும்போது டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கிடைக்காதவை என்று பார்த்தால் கண்ணாடி ரப்பர், பின் விளக்குக் கண்ணாடி, பம்பர், எழுத்துச் சின்னங்கள். வாங்கும் காரில் இவை முழுசாக இருந்தால் எஞ்சின் இறுகியிருந்தாலும் வாங்கலாம், இவை இல்லாமல் எஞ்சின் பாடினாலும் யோசிக்க வேண்டும். டிரெசர் பின் விளக்கு ஒரு ஜோடியைப் பஞ்சு சுற்றி ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஊசி போட்ட கையாயிற்றே.

எல்லாம் முடிந்து ஓட ஆரம்பித்த பிறகு ஒரு வியாதி பிடித்தது. சரியாக இருபது நிமிடம் ஓடும், நிற்கும். பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். சூட்டில் பெட்ரோல் கொதிக்கிறது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள், ஒருவர் பெட்ரோல் குழாயில் துணிக் கிளிப் மாட்டச் சொன்னார், மாட்டினேன், துணி காயப்போட வீட்டில் கிளிப் குறைந்ததுதான் மிச்சம். இக்னிஷன் கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளியை 0.45 மி.மீ.க்கு மறுபடி மறுபடி வைத்தேன், கண்டென்சர் மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் நின்ற இடத்திலேயே, எஞ்சின் சூடு ஆற விடாமல், கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். கொதித்த மாதிரி இல்லை, சொட்டுச் சொட்டாக வந்தது. டேங்குக்குள் துரு. ஓடும்போது துருத்தூள் உறிஞ்சப்பட்டு வாயை அடைக்கிறது, நின்றதும் கீழே படிந்து வழி விடுகிறது. நாங்கள் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

டேங்கை இறக்கி, பெட்ரோல் வாடை போகும் வரை கழுவி, உள்ளே இரண்டு கைப்பிடி நட்டும் போல்ட்டும், சோப்புத் தண்ணீரும் போட்டு மூடி, பழைய மெத்தையில் சுற்றி, குலை இழுக்கும் மச்சானின் டிராக்டர் பெட்டியில் கட்டிவிட்டேன். தோட்டத்துச் சாலையில் ஒரு முழு நாள் அது குலுங்கியது. சாயங்காலம் திறந்தால் காப்பி மாதிரி தண்ணீர். மூன்று நாள் அப்படி ஓடியதும் தெளிந்தது. பெட்ரோல் டேங்கில் வெல்டிங் மட்டும் வேண்டாம், எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

பெரிய எஞ்சின் போடு என்று இன்றும் சொல்கிறார்கள், பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும் நாடு இது. நான் போடவில்லை. 1600 சிசிக்குள் இருப்பதால் ரோட் டாக்ஸ் வருடத்துக்கு 90 வெள்ளிதான், இரண்டு லிட்டர் என்றால் 380. தவிர எஞ்சின் நம்பர் மாறினால் மறுபடி பேப்பர் வேலை, அதைச் செய்யாமல் ஓட்டினால் விபத்து நடக்கும் நாளில் இன்ஷூரன்ஸ் கைவிடும். இதெல்லாம் காரணம்தான், உண்மையான காரணம் வேறு. லயத்துப் பிள்ளைகள் கேட்டு ஓடி வந்த சத்தம் இந்த எஞ்சினுடையது.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புவோம், மச்சானும் நானும். கோலகங்சார் தாண்டி, சாவுக் வழியாக லெங்கோங் போகும் பழைய சாலை. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஸ்டீயரிங் நடுவில் இரண்டு விரல் ஆட்டம் எப்போதும் உண்டு, வளைவுக்கு முன்பே மெல்லத் திருப்ப ஆரம்பிக்க வேண்டும். மூன்றாம் கியரில் பனிக்குள் ஒரு வளைவை எடுக்கும்போது பின் சக்கரம் தள்ளுவது முதுகில் தெரியும். வேகம் எண்பதுதான், நூற்றிருபதில் போகிற மாதிரி இருக்கும். லெங்கோங்கில் நாசி லெமாக், ஒரு கோப்பி, பெரிய வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடுவோம். வாரம் ஒருமுறையாவது இப்படி எஞ்சின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டிவிடுகிறேன். மூடி வைத்திருந்த ஒரு மாதத்தில்தான் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது.

மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள், கணக்கு நோட்டு ஆலை லாக்கரில் இருக்கிறது, வீட்டில் இல்லை. பின் ஆக்சிலுக்குக் கீழே இப்போது ஓர் எண்ணெய்ச் சொட்டு. அட்டை ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் இருபது காசு அளவு இருந்தது, இன்று காலையும் அதே அளவுதான். சனிக்கிழமை அங்கிளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.